ராணி கலர் வண்டல்

எங்கள் சாயப் பட்டறைக்குள் உப்பு வரக் கூடாது. ஆரணியில் மற்றப் பட்டறைகளில் எப்படியோ, எங்கள் பட்டறையில் அப்பா காலத்திலிருந்து அப்படித்தான். மதியச் சோற்றைத் தெருப் பக்கத் தகரக் கொட்டகையில் உட்கார்ந்துதான் பிரிப்போம். ஊறுகாய் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் பட்டு நூலைத் தொட முடியாது. இங்கே போர்வெல் தண்ணீர் உப்பு. அதனால் ஊருக்கு வெளியே ஒரு கிணற்றிலிருந்து நல்ல தண்ணீர் டேங்கரில் வரும். அண்டாவின் முன்னால் நிற்கிறவன் தலையில் துண்டை இறுக்கிக் கட்டியிருக்க வேண்டும். வேர்வை ஒரு சொட்டு நூலில் விழுந்தால் அந்த இடம் திட்டாகிவிடும். அது புடவையாகி, கடைக்குப் போய், யாரோ ஒரு பெண் கல்யாணத்தில் கட்டிக்கொண்டு நிற்கும்போதுதான் கண்ணில் படும் என்று அப்பா சொல்வார்.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. உப்பு சாயத்தை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாமல் போய்விட்டது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. எனக்குத் தெரியும். முப்பது வருஷமாகத் தெரியும்.

நான் பத்தாவது வரை படித்தவன். ஐம்பதைத் தாண்டிவிட்டேன். கல்யாணம் ஆகவில்லை. பெண் பார்க்கப் போன இரண்டு வீட்டிலும் பையன் ஊமையா என்று கேட்டார்களாம். அதற்குப் பிறகு அண்ணன் முயற்சி செய்யவில்லை, நானும் கேட்கவில்லை. அண்ணன் வீட்டில்தான் இருக்கிறேன். நான் சாயம் போட்ட நூலை அண்ணன் முள்ளிப்பட்டு நெசவாளர்களிடம் கொடுத்துப் புடவையாக வாங்கி வருவார். பேச வேண்டியதையெல்லாம் அவர் பேசிவிடுவார். எனக்கு அண்டாவும் கழியும் போதும். நான் போட்ட சாயம் போகாது என்று ஊரில் ஒரு பேர் உண்டு. என்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ள எனக்கு இருந்தது அது ஒன்றுதான்.

அண்ணனுக்கு ஒரே மகள். சின்ன வயதில் பட்டறைக்கு வந்து, அண்டாவில் எந்த நிறம் கொதிக்கிறது என்று ஆவியை முகர்ந்தே சொல்லப் பார்ப்பாள். என்னோடு நிறையப் பேசுகிற ஒரே ஆள் அவள். சென்னையில் படித்து முடித்துவிட்டு, கடலோரத்தில் ஒரு ஆராய்ச்சி நிலையத்தில் டாக்டர் பட்டப் படிப்புக்குச் சேர்ந்தாள். கடலுக்கு அடியில் இருக்கும் சேற்றைப் பற்றி ஆராய்ச்சி என்றாள். வீட்டில் யாருக்கும் அது விளங்கவில்லை. ஒரு பொங்கல் லீவில் சாப்பிடும்போது அண்ணன் வாயைத் திறந்தார்.

"சேத்துல இன்னாம்மா இருக்குது ஆராய்ச்சி பண்ண?"

"புழு இருக்குதுப்பா."

"இங்க பட்டுப் புழுவால நாலு பேரு சோறு துன்றோம். நீ சேத்துப் புழுவால சோறு துன்னப் போறியா?"

அண்ணி சிரித்துவிட்டாள். அவளும் சிரித்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, எனக்குச் சொல்வதுபோல எல்லோருக்கும் சொன்னாள். கடலின் அடியில் சேறு வருஷா வருஷம் படியுமாம். இந்த வருஷத்துச் சேறு மேலே, போன வருஷத்துது அதற்குக் கீழே, இப்படி வரிசையாக. யாரும் தொடாவிட்டால் ஆயிரம் வருஷத்தையும் தறிக்குப் பாவு நூலை இழை இழையாகப் பிரிப்பதுபோலப் பிரித்து எடுத்துவிடலாம். ஆனால் தொடாமல் இருப்பதில்லை. புழு, நண்டு, இறால், சிப்பி எல்லாம் அதற்குள்தான் வளை தோண்டிக் குடியிருக்கின்றன. மேலே இருப்பதைக் கீழே இழுத்துப் போகின்றன. கீழே இருப்பதை மேலே கொண்டுவந்து தள்ளுகின்றன.

"சில புழு தலகீழா நிக்கும் சித்தப்பா. தல கீழ, வாலு மேல. அடியில இருக்கற பழைய சேத்தத் துன்னுட்டு மேல வந்து பேண்டு வெக்கும். நம்ம சாக்கடையில செவப்பா நூலு மாதிரி ஆடிகினு இருக்குமே, அதுவும் அந்த ஜாதிதான்."

"சோத்து மேல கை வெச்சிகினு பேசற பேச்சா இது," என்றார் அண்ணன்.

அவள் விடவில்லை. "நம்ம ஊரு சாயத் தண்ணி ஆத்துல போவுதில்லப்பா. மழ வந்தா செய்யாறு, பாலாறு, அப்புறம் கடலு. அங்க போய் அடியில உக்காந்துக்குது. மேல புதுச் சேறு மூடிக்குது. மூடிக்கிச்சு, அவ்ளோதான்னு நெனைக்கறோம். மூடனது மூடனபடியே இருக்குதா, இல்ல இந்தப் புழுங்க திரும்ப மேல எடுத்துகினு வருதா? அதான் என் கேள்வி."

அவள் யாரையும் குற்றம் சொல்லவில்லை. இருந்தாலும் எங்கள் பட்டறைக்குப் பின்னால் ஓடும் வாய்க்கால் எங்கே போய்ச் சேருகிறது என்று எனக்குத் தெரியும். நான் தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன்.

மறுநாள் பட்டறைக்கு வந்தாள். ஒரு பையில் காய்ந்த வண்டல் கொண்டு வந்திருந்தாள். ஆறு கடலில் சேரும் இடத்தில் எடுத்து, உப்புப் போகக் கழுவிக் காயவைத்துச் சலித்தது. மைதாபோல இருந்தது. அதற்கு நிறம் ஏற்றித் தர வேண்டும் என்றாள். சேற்றோடு புழுவையும் கண்ணாடிக் குழாய்களில் எடுத்து, மேலே இந்த நிற வண்டலை நகக்கனத்துக்குத் தூவிவிடுவார்களாம். சில மாதம் கழித்துக் குழாயை உறையவைத்து, கேக் வெட்டுவதுபோல வெட்டிப் பார்த்தால், நிறம் எந்த ஆழம் வரை இறங்கியிருக்கிறதோ அந்த ஆழம் வரை புழு கலக்கியிருக்கிறது என்று கணக்கு. இப்படி நிறம் ஏற்றிய மண் வெளிநாட்டிலிருந்து வருமாம். ஆர்டர் போட்டால் வர ஒரு வருஷம்கூட ஆகுமாம். அவளுக்கு உதவித்தொகை இருந்ததே இன்னும் ஒன்றரை வருஷம்தான். அதற்குள் வேலையை முடித்து எழுதிக் கொடுக்காவிட்டால் படித்தது பாதியில் நின்றுவிடும். அண்ணனும் அதுவரைக்கும்தான் வாக்குக் கொடுத்திருந்தார். அதற்குமேல் ஒரு நாள்கூட வெளியூரில் வைத்திருக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

"மண்ணுக்கு நான் சாயம் போட்டதில்லயே," என்றேன்.

"நீ போட்டா போவாது சித்தப்பா."

பங்குனி பிறந்ததும் தொடங்கி ஒரு மாதம் அதே வேலையாக இருந்தேன். மற்ற நிறங்கள் நிற்கவில்லை. ராணி கலர் நின்றது. எங்கள் பக்கம் முகூர்த்தப் புடவைக்கு அதிகம் கேட்கிற, கண்ணைப் பறிக்கிற ரோஜா நிறம் அது. அந்தச் சாயத்தைப் பட்டைவிட ஆசையாக வண்டல் குடித்தது. கொதிக்கவைத்து, தெளியவிட்டு, மேல் தண்ணீரை வடித்து, புதுத் தண்ணீர் ஊற்றிக் கலக்கி, மறுபடி தெளியவிட்டு, ஐந்து தண்ணீர் அலசினேன். ஐந்தாவது தண்ணீரைக் கண்ணாடித் தம்ளரில் பிடித்து வெயிலில் தூக்கிப் பார்த்தேன். குடிக்கலாம்போல இருந்தது. வெள்ளை வேட்டியில் விரித்துக் காயவைத்தேன். வேட்டியில் கறை இல்லை. ஜவுளிக் கடையில் கள்ள நோட்டுப் பார்க்கிற நீல விளக்கை அண்ணன் வைத்திருந்தார். அதன் அடியில் பிடித்தபோது வண்டல் நெருப்புத் தணல்போல மின்னியது. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

எல்லாம் நல்ல தண்ணீரில். அந்த ஐந்து தண்ணீரும் டேங்கரில் வந்த நல்ல தண்ணீர். கடலுக்குப் போகப் போகிற வண்டல் என்று தெரிந்தும், அதை உப்புத் தண்ணீரில் ஒரு தடவை போட்டுப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை. சாயத்தைச் சோதிப்பதென்றால் எனக்கு நல்ல தண்ணீர்தான். பட்டறைக்குள் உப்பை நினைத்துக்கூடப் பார்த்துப் பழக்கமில்லை. இதுவரைக்கும் நடந்தது வெறும் தவறு. இதற்கு என்னை நான் மன்னித்துக்கொள்ள முடியும்.

அவள் வாங்கிப் போக வந்தது சித்திரை மாதத்து அமாவாசை அன்று. அமாவாசையில் எங்கள் ஊரில் தறி ஓடாது, பட்டறையிலும் அடுப்புப் பற்றவைக்க மாட்டோம். இரண்டு நாளாக நான் சாயத்தில் கை வைக்கவில்லை. குளித்துவிட்டு வந்து, வேட்டியிலிருந்த வண்டலைக் கையால் அள்ளி எவர்சில்வர் தூக்கில் போட்டுக்கொண்டிருந்தேன். தகரக் கூரை, மத்தியான வெயில். நெற்றியிலிருந்து வேர்வை முழங்கை வழியாக ஓடிக்கொண்டிருந்தது. வெளியே ஆட்டோவில் உட்கார்ந்துகொண்டு அவள் கூப்பிட்டாள்.

"சித்தப்பா, ஜல்தி. வந்தவாசி பஸ்ஸு பூடும்."

கடைசிப் பிடியைப் போட்டுவிட்டுக் கையைப் பார்த்தேன். உள்ளங்கை ராணி கலராக இருந்தது. ரேகைகளில் மட்டும் இல்லை, கை முழுவதும். சாயம் போடுகிறவன் கை எப்போதும் ஏதாவது நிறமாகத்தான் இருக்கும், மற்ற நாளாக இருந்தால் கவனித்திருக்க மாட்டேன். அன்று சுத்தமான கை. கட்டைவிரலால் தேய்த்தேன். விரலும் சிவந்தது. வேர்வை என்று மனதுக்குள் ஒரு சொல் வந்தது. உப்பு என்று அடுத்த சொல் வந்தது. அதோடு நிறுத்திக்கொண்டேன். தூக்கை மூடினேன். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வெளியே போனேன்.

"சாயம் நின்னுடுச்சு இல்ல சித்தப்பா?" என்று கேட்டாள்.

"அஞ்சு தண்ணி அலசனேன். கடசித் தண்ணி வெள்ளையா வந்துது."

"உன் கை சாயம். நான் வேற கேக்கறேன் பாரு."

ஆட்டோ போய்விட்டது. நான் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. ஒரு மாத உழைப்பு, அவள் அவசரம், ஆட்டோக்காரர் காத்திருக்கிறார் என்று காரணங்களைப் பிறகு நிறையச் சேர்த்துக்கொண்டேன். உண்மை சின்னது. ஆட்டோவை நிறுத்து, எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. என் சாயம் போகும் என்று என் வாயால் சொல்ல முடியவில்லை.

ஆறேழு மாதம் ஒன்றும் இல்லை. வாரம் ஒரு முறை போன் செய்வாள். குழாய்களைக் கடல் தண்ணீர்த் தொட்டியில் நிறுத்திவிட்டேன், புழுக்கள் நன்றாக இருக்கின்றன, ஒரு குழாயில் நண்டு ஒன்று செத்துவிட்டது என்றெல்லாம் சொல்வாள். நான் உம் கொட்டுவேன். கார்த்திகையில் ஒரு நாள் காலையில் போன் வந்தது. பேச்சில் மூச்சு வாங்கியது.

"சித்தப்பா, போட்டோ அனுப்பிக்கீறேன் பாரு. மேல ஒரு ஜாண் வரைக்கும்தான் கலக்கும்னு எல்லாரும் எழுதி வெச்சிருக்காங்க. இங்க ஒரு முழம் போயிருக்குது. ஒவ்வொரு கொழாயிலயும். எங்க கைடு மேடமே நம்பல, ரெண்டு தடவ வெளக்கு அடிச்சுப் பாத்தாங்க."

படத்தைப் பார்த்தேன். சாம்பல் நிறச் சேறு. மேலிருந்து புழு வளைகள் கீழே இறங்கியிருந்தன. வளையைச் சுற்றி ரோஜா நிறம் பரவி, மரத்தின் வேர்போலக் கிளை பிரிந்து, அடிவரை போயிருந்தது. மண் துகள் அப்படிப் பரவாது. துகள் என்றால் புள்ளி புள்ளியாக இருக்கும். இது ஊறியிருந்தது. ஈரத் துணியில் சாயம் ஊறினால் ஓரத்தில் ஒரு மங்கல் வருமே, அந்த மங்கல். அதை நான் எங்கே பார்த்தாலும் கண்டுபிடிப்பேன்.

மிச்சம் இருந்த வண்டல் கொஞ்சம் பட்டறையில் ஒரு டப்பாவில் இருந்தது. சமையல்கட்டுக்குப் போய்க் கல்லுப்பு ஒரு கை எடுத்தேன்.

"உப்பு இன்னாத்துக்கு?" என்றாள் அண்ணி.

"வாய் கொப்புளிக்க. பல்லு வலி."

பட்டறைக்குள் உப்பைக் கொண்டுபோக மனம் வராமல், கொல்லைப்புறக் குழாயடியில் தம்ளரை வைத்துக் கரைத்தேன். ஒரு சிட்டிகை வண்டலைப் போட்டேன். அது அடிக்குப் போகும் வழியிலேயே புகைபோலச் சிவப்பு விட்டது. நான் குந்தியபடி பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் தம்ளர் முழுவதும் ரோஸ்மில்க்போல ஆகிவிட்டது. அண்ணி பின்னாலிருந்து, "பல்லுல ரத்தமா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

அன்றே சொல்லியிருக்கலாம். பதினோரு நாள் சொல்லவில்லை. போனை எடுப்பேன், வைப்பேன். அதற்குள் அவளை வேறொரு ஊரில் நடக்கப் போகிற ஆராய்ச்சிக் கூட்டத்தில் பேச அழைத்திருந்தார்கள். அண்ணன் முதல் தடவையாகத் தெருவில் இரண்டு பேரிடம் மகளைப் பற்றிச் சொன்னார். "கடல் அடியில இருக்கற புழுவப் பத்திப் பேசப் போவுது எங்கூட்டுப் பொண்ணு," என்று சொல்லும்போது அவர் முகத்தில் கேலி இல்லை. பன்னிரண்டாம் நாள் வந்தவாசி பஸ்ஸில் ஏறினேன். போனில் சொல்ல முடியாததை நேரில் சொல்லிவிடுவேன் என்று நினைத்ததே வேடிக்கைதான்.

என்னைப் பார்த்ததும் அவளுக்குத் தாங்க முடியாத சந்தோஷம். தான் கூப்பிட்டுக் கூப்பிட்டு வராத சித்தப்பா தானாக வந்துவிட்டார். அங்கிருந்த பிள்ளைகளிடமெல்லாம், "இவருதான் ராணி கலர்," என்றாள். ஒரு பையன் வணக்கம் சொல்லி, "சார், எங்களுக்கும் ஒரு கிலோ போடுங்க," என்றான். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு டீ வந்தது. உட்கார நாற்காலி வந்தது. தொட்டிகளைக் காட்டினாள், குழாய்களைக் காட்டினாள். நான் தலையாட்டிக்கொண்டே இருந்தேன்.

சாப்பிட்ட பிறகு, தண்ணீர் வடிந்திருக்கும், புழு இருக்கிற இடத்தைக் காட்டுகிறேன் என்று அழைத்துப் போனாள். ஆறு கடலில் சேருகிற இடம். தண்ணீர் விலகிக் கரும்சேறு பளபளவென்று கிடந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் வெறும் சேறு. கிட்டே போனால் ஒரு அங்குலம்கூடச் சும்மா இல்லை. இடியாப்பம் பிழிந்ததுபோலச் சின்னச் சின்னக் குவியல்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஊசி குத்தியதுபோல ஓட்டை. நண்டு உருட்டிப் போட்ட மணிகள். மேலே சேறு பழுப்பாக இருந்தது. குவியல்கள் மட்டும் கறுப்பு. அந்தக் கறுப்பு அடியிலிருந்து வந்தது என்றாள். எந்த வருஷத்துச் சேறோ, இன்றைக்கு மேலே வந்திருக்கிறது.

"கூட்டத்துல இதத்தான் மொதல் படமா போடப் போறேன்," என்றாள்.

"அது சாயம் போயிடுச்சுமா," என்றேன்.

அவளுக்குக் கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னேன். உப்பில் போட்டுப் பார்த்தேன், சாயம் விடுகிறது, புழு நிறத்தைக் கீழே கொண்டுபோகவில்லை, சாயம் தானாக ஊறி இறங்கியிருக்கிறது என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. என்னைவிட வேகமாகப் புரிந்துவிட்டது.

"எப்போ போட்டுப் பாத்த?"

"பன்னெண்டு நாளு ஆவுது."

"பன்னெண்டு நாளா இன்னா பண்ணிகினு இருந்த?"

நான் துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டேன்.

"அதுக்கு முன்னாடி தெரியாதில்ல உனக்கு?"

தெரியாது என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பாள். நானும் அதைத்தான் சொல்லப்போனேன். கால் பக்கத்தில் ஒரு ஓட்டையிலிருந்து கறுப்பாகக் கொஞ்சம் சேறு வெளியே வந்து குவிந்தது. அதைப் பார்த்துக்கொண்டே கையை விரித்துக் காட்டினேன்.

"நீ எடுத்துகினு போன அன்னிக்கே கையில ஒட்டிச்சு. வேர்வையில."

"அமாவாச அன்னிக்கா?"

"ஆமா."

"நான் ஆட்டோல உக்காந்துகினு இருந்தேனே சித்தப்பா."

"ஆமா."

அவள் அழவில்லை. செருப்பில் ஒட்டிய சேற்றை ஒரு கல்லில் தேய்த்துக்கொண்டே இருந்தாள். "சாயம் போனதுக்கு உன்ன ஒண்ணும் சொல்லல," என்றாள். "நானே கடல் தண்ணில போட்டுப் பாத்திருக்கணும். உன் சாயம்னு பாக்கல. எங்க மேடம் கூட கேட்டாங்க, டெஸ்ட் பண்ணியான்னு. எங்க சித்தப்பா போட்டதுன்னு சொன்னேன். அத ஒரு பதிலுன்னு சொன்னேன் பாரு, அது என் தப்பு."

நிலையத்துக்குத் திரும்பினோம். புழுவே இல்லாத குழாய்கள் என்று நான்கு வைத்திருந்தாள். சேற்றை முன்கூட்டியே உறையவைத்து, உள்ளே இருந்ததையெல்லாம் சாகடித்து, பிறகு அதன்மேலும் அதே வண்டலைத் தூவி வைத்தது. புழு இல்லாவிட்டால் நிறம் இறங்காது என்று காட்டுவதற்காக. வெட்டுவது பெரிய வேலை என்பதால் அவற்றைக் கடைசிக்கு வைத்திருந்தாள். ஒன்றை எடுத்து நீள வாக்கில் அறுத்தாள். விளக்கைப் போட்டாள். புழு குடியிருந்த குழாய்போல வேர் வேராக இல்லை. ஆனால் மேலிருந்து ஒரு ஜாணுக்குமேல் சீராக, யாரும் தொடாத அந்தச் செத்த சேறு ராணி கலரில் மின்னியது. அவ்வளவு அழகான நிறத்தை நான் பட்டில்கூடப் போட்டதில்லை. அவள் விளக்கை அணைத்துவிட்டு, "பஸ்ஸு எத்தன மணிக்கு?" என்றாள்.

அவள் கூட்டத்துக்குப் போகவில்லை. வெளிநாட்டு மண்ணுக்கு ஆர்டர் போட்டார்கள். அது வந்து சேர்ந்தபோது உதவித்தொகை முடிய மூன்று மாதம் இருந்தது. சில குழாய்கள் மட்டும் செய்து பார்த்தாள், போதவில்லை. அவளுடைய மேடம் இன்னொரு வருஷம் எப்படியாவது சமாளி என்றாராம். அண்ணன் முடியாது என்றார். இரண்டு பையோடு வீட்டுக்கு வந்துவிட்டாள். "இன்னாச்சு?" என்று அண்ணன் கேட்டதற்கு, "கொழாயெல்லாம் கெட்டுப்போச்சுப்பா," என்றாள். நான் அங்கேதான் நின்றிருந்தேன். என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"சேத்துல போட்ட காசு, நேரம், அவ்ளோதான்," என்றார் அண்ணன். "நான் அன்னிக்கே சொன்னேன்."

இன்றுவரை அண்ணனுக்குத் தெரியாது. அவள் சொல்லவில்லை. நான் சொல்ல வேண்டும் என்று தினமும் நினைக்கிறேன். இதை எழுதுவதே அதற்குப் பதிலாகத்தானோ என்னவோ.

இப்போது இங்கேயே ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் அறிவியல் பாடம் எடுக்கிறாள். காலையில் டிபன் பாக்ஸோடு கிளம்பிப் போய் மாலையில் வருகிறாள். என்னோடு பேசுகிறாள். காபி வேண்டுமா, மாத்திரை போட்டாயா என்று கேட்கிறாள். பட்டறைப் பக்கம் மட்டும் வருவதில்லை.

போன மழைக்குப் பிறகு பின்பக்க வாய்க்காலில் தண்ணீர் நின்றிருந்தது. காலையில் பல் தேய்க்கும்போது பார்த்தேன். மேலே கறுப்புச் சேறு. அதன்மேல் கடுகளவு கடுகளவாகக் குவியல்கள். சிவப்பு நூல்போல அந்தப் புழுக்கள் வாலை ஆட்டிக்கொண்டிருந்தன. குவியல்களில் சில கத்திரிப்பூ நிறத்தில் இருந்தன. நாங்கள் கத்திரிப்பூ போட்டு எத்தனையோ வருஷம் ஆகிறது. அப்பா இறந்த பிறகு அந்தச் சாயத்தை வாங்கியதே இல்லை. நான் பிரஷ்ஷோடு வீட்டுக்குள் ஓடி அவளைக் கூப்பிட்டேன். இந்தத் தடவை ஒரு நிமிஷம்கூடத் தள்ளிப்போடவில்லை.

வந்து பார்த்தாள். பள்ளிக்கூடப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வாய்க்கால் ஓரம் குந்தி உட்கார்ந்தாள். ரொம்ப நேரம் அசையவில்லை. சின்ன வயதில் ஆவியை முகரும்போது அவள் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

"தாத்தா போட்டது," என்றேன். "அடியில இருந்து கொண்டாந்துக்குது."

"தெரியுது."

"போட்டோ எடுக்கட்டா? உங்க மேடத்துக்கு அனுப்பலாம்."

"வேணாம் சித்தப்பா. பஸ்ஸுக்கு டைம் ஆச்சு," என்று எழுந்துவிட்டாள்.

தையில் அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை கலசப்பாக்கம். முகூர்த்தப் புடவைக்கு நூல் சாயம் போட வேண்டும். என்ன நிறம் என்று அண்ணன் கேட்டார். அரக்கு என்றாள். வேறு ஆள் கையில் கொடுத்துவிடுவார்களோ என்று பயந்தேன். அண்ணனுக்கு அப்படியெல்லாம் தோன்றவில்லை. நூல் என்னிடம்தான் வந்தது. மூன்று நாள் எடுத்துக்கொண்டேன். அவ்வளவு கவனமாக எதையும் நான் போட்டதில்லை.

காய்ந்த நூலை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது கூடத்தில் எல்லோரும் இருந்தார்கள். அண்ணி தொட்டுப் பார்த்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவள் வந்து, "ஒரு இழ குடு சித்தப்பா," என்றாள். கொடுத்தேன். சமையல்கட்டுக்குப் போய்க் கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் பிடித்து, கல்லுப்பு ஒரு கை அள்ளிப் போட்டு, கரண்டியால் கலக்கி, அந்த இழையைச் சுருட்டி உள்ளே போட்டாள். கோபமாகச் செய்யவில்லை. பால் காய்ச்சுவதுபோலச் செய்தாள். தம்ளரை அலமாரியில் வைத்துவிட்டுக் கை துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

"இது இன்னா புதுசா?" என்று அண்ணி கேட்டாள். நான் மிச்ச நூலை முறுக்கிக் கட்டினேன்.

அன்று மாலை வரை ஏதாவது சாக்கில் சமையல்கட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தேன். அரக்கு இழை அடியில் சுருண்டு கிடந்தது. தண்ணீர் தெளிவாக இருந்தது. மறுநாள் காலையிலும் தெளிவாகத்தான் இருந்தது. அவள் வந்து தம்ளரை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். நான் வாசற்படியில் நிற்பதும் அவளுக்குத் தெரியும். தண்ணீரைக் கொட்டினாள், இழையை எடுத்துக் குப்பையில் போட்டாள், தம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.

"சரியா இருக்குது. பாவுக்குக் குடுத்துடலாம்," என்றாள்.